டீசல் வகையில்

முக்கூடல் பீடிக் கடைக்குப் பின்னால்
தூள் மூட்டைகளின் மேல் ஏழு பேர் உட்கார்ந்தால்
அது கமிட்டி.
இன்றைக்கு நாலு பேர்.
கோரம் இல்லை என்றார் பிரம்மநாயகம்.
நெஞ்சுவலிக்காரன் கோரம் பாத்துட்டா படுக்கான்
என்றாள் மைதீன் பாத்து.
கூட்டம் ஆரம்பித்தது.

வண்டி ரேஷன் கடைச் சுவரோரம் நிற்கிறது.
அதன் விலாவில் 'பீடித் தொழிலாளர் உபயம்' என்றிருந்ததை
மூன்று வருஷத்துக்கு முன் அழிக்கச் சொன்னார்கள்.
'அரசு நிதியுதவியுடன்' என்று எழுதினோம்.
பெயிண்டருக்கு நானூறு. ரசீது இருக்கிறது.
மத்தியான வெயிலில் பழைய எழுத்து
அடியிலிருந்து மங்கலாய்த் தெரியும்.

அதற்கு முன்னால்
சனிக்கிழமைக் கூலி வாங்கும் வரிசையில்
ஆயிரம் பீடிக்கு ஒரு ரூபாய்.
இசக்கியம்மாள் நாலு, பேச்சித்தாய் மூணு,
வடக்குத் தெரு ஆமினா அஞ்சு,
பேர் சொல்லாமல் போட்டவர் இரண்டு.
எல்லாம் என் கையெழுத்து.
மானியம் வந்த அன்றைக்கு
தெருத் தெருவாய்ப் போய் நான்தான் சொன்னேன்:
இனிமே வேண்டாம்மா, கவர்மெண்டு தருது.
எவ்வளவு சந்தோஷமாய்ச் சொன்னேன்.
கல்யாண வீட்டுக்கு அழைக்கிற மாதிரி.

இப்போது வந்திருக்கும் கடிதத்தில்
நிறுத்தம் என்ற சொல் எங்கேயும் இல்லை.
மறுசீரமைப்பு என்றிருக்கிறது.
கூடவே ஒரு படிவம், பதினோரு பக்கம்.
காப்பாற்றப்பட்ட உயிர்கள்: எண்ணிக்கையில்.
பத்தமடை தாண்டி வண்டிக்குள்ளேயே பிள்ளை பெற்றாளே
அவளை ஒன்று என்று போடவா, இரண்டு என்றா?
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து
கந்தையா உடலைக் கொண்டுவந்த ராத்திரியை
எந்தக் கட்டத்தில் போட?
பிரம்மநாயகம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.
அதற்குக் கட்டம் இல்லை.

நூத்தியெட்டு இருக்கே என்பார்கள்.
இருக்கிறது. வரும்.
அது அம்பையில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது
இங்கே ஒருத்தனுக்கு
மூச்சு முட்டக் கூடாது, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை டப்பாவோடு
பழைய வரிசையில் போய் நின்றேன்.
பேச்சித்தாய் கேட்டாள்:
அதான் கவர்மெண்டு குடுக்காம்லா?
நிப்பாட்டிட்டாவ.
அப்ப திருப்பி அவுக குடுத்தா
எங்க காசு வேண்டாம்பிய.
இலை நறுக்கிய விரலால்
டப்பா விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.
போடவில்லை.
அவள் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை.
வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வண்டியை வித்துருவோமா
என்று யாரோ கேட்டார்கள்.
யார் என்று நான் குறிப்பில் எழுதவில்லை.
அதற்குள் போன் அடித்தது.
பாப்பாக்குடிப் பக்கம், அறுபது வயசு, இடது கை மரத்துப்போச்சாம்.
பூலுடையார் யார் எவர் என்று கேட்கவில்லை.
டீசல் எவ்வளவுக்கா?
நோட்டைப் பார்த்தேன். மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு.
தீர்மானம் போடாம எப்படி என்று
பிரம்மநாயகம் எழுந்தார்.
எழுந்தவர் நேரே போய்
வண்டியின் பின்கதவைத் திறந்து
ஸ்ட்ரெச்சர் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மைதீன் பாத்துவும் நானும்
படிவத்தை விரித்தபடி இருந்தோம்.
நாலாவது பக்கத்துக்கு மேல் போகவில்லை.
டீ ஆறி ஆடை கட்டியது.

பன்னிரண்டரைக்கு வண்டி காலியாய்த் திரும்பியது.
காலியாய் வந்தால் நல்லது,
ஆளை உள்ளே சேர்த்தாச்சு.
பிரம்மநாயகம் சட்டையில் வாந்தி.
ஒன்றும் சொல்லாமல் குழாயடிக்குப் போனார்.
பூலுடையார் சாவியை நீட்டி,
பங்குல ஐந்நூறு எம்பேர்ல எழுதிருக்குக்கா என்றான்.

நோட்டில் வரவுக்கு இரண்டு பத்திதான்.
அரசு. நன்கொடை.
பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
டீசல் வகையில், பூலுடையார், கைமாற்று.